யார் பார்த்தது?

கோஹிமா போர்க் கல்லறைக்குப் போகிறவர்கள் அங்குள்ள புகழ்பெற்ற கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். ஊர் திரும்பிப் படங்களைப் புரட்டும்போதுதான் ஓரத்தில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: கேப்டன் ஜான் ராண்டில். 1944 மே 6 அன்று, ஜப்பானியப் பதுங்குகுழியின் துப்பாக்கித் துளையைத் தன் உடம்பாலேயே அடைத்து மாண்டவர். விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவரைத் தேடப்போய் அவருடைய மச்சானிடம் போய் நின்றேன். மச்சானுக்கும் அதே பதக்கம்.

லெஸ்லி மேன்சர். 1922இல் தில்லியில் பிறந்தவர். அப்பா தபால் தந்தித் துறைப் பொறியாளர். பையன் டார்ஜிலிங் பக்கம் கர்சியாங்கில் கொஞ்ச காலம் படித்தான்; பிறகு குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது.

போரில் விமானியான அவரைப் பற்றி 1942 அக்டோபர் பிரிட்டிஷ் அரசிதழில் வந்த பதக்கக் குறிப்பைப் படித்தேன். கடைசி நொடியில் ஒரு சார்ஜென்ட் நீட்டிய பாராசூட்டை மேன்சர் கையசைத்து மறுத்தாராம். எனக்கு அங்கேதான் இடறியது. விமானமே எரிந்து சாம்பல். அந்தக் கையசைப்பை யார் பார்த்தது?

1942 மே 30 இரவு. பிரிட்டன் 1,047 விமானங்களைக் கொலோன் நகரின் மேல் ஏவியது. மேன்சருக்கு இருபது வயது நிறைந்து பத்தொன்பதே நாள். ஓட்டியது மான்செஸ்டர் ரக விமானம். இரண்டே எஞ்சின், அவையும் நம்ப முடியாதவை, ஒன்று போனால் மற்றொன்றால் உயரம் காக்க முடியாது. அடுத்த மாதமே அந்த ரகத்தைப் போரிலிருந்து விலக்கிவிட்டார்கள். குண்டுகளை வீசித் திரும்பும்போது தரையிலிருந்து சுட்டது பட்டது. பின்பக்கத் துப்பாக்கி வீரருக்குக் காயம். இடது எஞ்சின் தீப்பற்றியது. அப்போதே எல்லாரும் குதித்திருக்கலாம்; மேன்சர் வீடு போய்ச் சேரப் பார்த்தார். முடியவில்லை. பெல்ஜியத்தில் பிரே ஊருக்கருகே உடனிருந்த ஆறு பேரையும் குதிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் இறங்கும்வரை விமானத்தைத் தள்ளாடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாராசூட்டை நீட்டியவர் துணை விமானி லெஸ்லி பேவிஸ்டாக். கடைசியாகக் குதித்தவரும் அவர்தான். உயரம் போதவில்லை, சதுப்பு நீரில் விழுந்ததால் பிழைத்தார்.

ஆறு பேரில் ஒருவர் பிடிபட்டார். மற்ற ஐவரை பெல்ஜியக் கிராமத்தார் ஒளித்துவைத்தார்கள். ஆந்த்ரே தெ ஜோங் என்ற இளம்பெண் தொடங்கிய ‘காமெட்’ ரகசியப் பாதை வழியாக பாரிஸ், பிரனீஸ் மலை, ஜிப்ரால்டர் என்று கடந்து இங்கிலாந்து சேர்ந்தார்கள். அவர்கள் போய்ச் சொன்னதால்தான் அந்தப் பதக்கம். ஜெர்மானியர் கையில் சிக்கினால் உயிர் போகும் என்று தெரிந்தே அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் இல்லையென்றால், மேன்சர் திரும்பி வராத 41 விமானங்களின் கணக்கில் ஓர் எண்ணாகப் போயிருப்பார்.

பதக்கக் குறிப்பில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரே இரவில் கொலோனில் 450க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். மேன்சரின் துணிச்சலை நான் மெச்சுவது, அவர் குண்டு வீசியதற்கு அல்ல. வீசி முடித்த பிறகு செய்ததற்கு.

அவர் பெல்ஜியத்தின் ஹெவெர்லே கல்லறையில் இருக்கிறார். ராண்டில் மணந்தது அவருடைய உடன்பிறந்தவளை. இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அந்தப் பெண் இருவரையும் பறிகொடுத்தாள்.