வராத ஃபார்மும் வந்த வருமானமும்

வீட்டில் ஒருத்தன் பி.காம் சேர்ந்துவிட்டால் போதும், தெருவுக்கே ஒரு ஆடிட்டர் கிடைத்துவிட்ட மாதிரி. சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவும் அப்படித்தான். "தம்பி, இது என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். 2025 மே மாதம் பகுதி நேரமாக ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போக ஆரம்பித்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. காசு மட்டும் கூடவில்லை :-)

அங்கே போன பிறகுதான் ஒன்று புரிந்தது. வரிக் கணக்கு போடுவதில் கஷ்டமான வேலை கணக்கு இல்லை, காத்திருப்பது!

தெரியாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். 1961 சட்டத்தின்படி சம்பளத்தில் வரி பிடித்தால் ஃபார்ம் 16. கான்ட்ராக்ட், வட்டி, கமிஷன் போன்றவற்றில் பிடித்தால் ஃபார்ம் 16ஏ. "உன்னிடம் பிடித்ததை உன் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டேன்" என்று பிடித்தவர் தரும் சான்றிதழ் இது. 2025-ல் நாங்கள் பார்த்தது மார்ச் 31-ல் முடிந்த வருடத்தின் கணக்கு. கடைசி மூன்று மாத டி.டி.எஸ். அறிக்கையைப் பிடித்தவர் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், சான்றிதழை ஜூன் 15-க்குள் தர வேண்டும். அப்போது ரிட்டர்னுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. ஆக, எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டாலே கையில் இருப்பது ஆறரை வாரம்தான். (அந்த வருடம் கடைசி நாளை செப்டம்பர் 15-க்குத் தள்ளி வைத்தார்கள், பிறகு இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள்.)

எங்களிடம் வந்தவர்களில் ஒரு வேன்கார அண்ணன். ஒரகடம் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிறார். ஒரு டிராவல்ஸ்காரர் மாதம் 80,000 ரூபாய் வாடகை தருகிறார், அதில் ஒரு சதவீதம் டி.டி.எஸ். வருடத்துக்கு 9,60,000 வரவு, பிடித்தது 9,600. டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் போனால் அண்ணனுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. அந்த 9,600-ம் திரும்பி வர வேண்டிய பணம். "தம்பி, எஃப்.சி.க்குப் போகணும், டயர் மாத்தணும். அதுக்குள்ள வந்துடுமா?" என்றார்.

பான் எண்ணைப் போட்டு 26ஏ.எஸ். எடுத்துப் பார்த்தோம். நம் பெயரில் யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று காட்டும் அறிக்கை அது. எங்கள் ஊர் குடைவரைக் கோவில் நரசிம்மருக்கு மூன்று கண். வரித்துறைக்கு மூன்றாவது கண் இந்த 26ஏ.எஸ்.தான்! மூன்று காலாண்டுகளுக்கு 7,200 இருந்தது. கடைசிக் காலாண்டின் 2,400-ஐக் காணோம். டிராவல்ஸ்காரர் அறிக்கையே தாக்கல் செய்யவில்லை.

"அப்ப 7,20,000 மட்டும் காட்டிடலாமே" என்றார் அண்ணன். ஆடிட்டர் சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபார்ம் வரவில்லை என்பதற்காகச் சம்பாதித்தது இல்லை என்று ஆகிவிடாது. பேங்க் பாஸ்புக்கும் மாதாமாதம் கொடுத்த பில்லும் இருக்கிறதே! வருமானம் முழுவதும் காட்டியே ஆக வேண்டும்.

சரி, வரியாவது முழு 9,600 என்று போடலாமா? போடலாம். ஆனால் கம்ப்யூட்டர் 26ஏ.எஸ்.ஸோடு ஒப்பிட்டு 2,400-ஐ வெட்டிவிடும். 1961 சட்டத்தில் 205-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பிடித்த வரியை மறுபடி நம்மிடம் நேராகக் கேட்கக் கூடாது என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே, அவர்தானே கேட்கிறார்! கேட்பதைத் தடுக்கிற சட்டம் கொடுப்பதைச் சீக்கிரமாக்காது.

சார் செய்தது இதுதான். டிராவல்ஸ்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், சான்றிதழ் தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வரை அபராதம், இரண்டுக்கும் உச்சவரம்பு அந்த வரித் தொகை என்று மட்டும் எழுதினார். சண்டை இல்லை. ஆகஸ்டில் 2,400 ஏறியது. செப்டம்பர் முதல் வாரம் ரிட்டர்ன் போட்டோம். பணமும் வந்தது. ஆனால் எஃப்.சி. ஜூலையிலேயே முடிந்துவிட்டது. டயர் கடனில் வாங்கியிருந்தார்.

நண்பர்களே, அடுத்த வருடம் நம்மில் பலர் வேலைக்குப் போவோம், பாதியில் கம்பெனி மாறுவோம். பழைய கம்பெனி சான்றிதழ் தராமல் இழுத்தால் கிடைத்த ஒன்றை மட்டும் வைத்து ரிட்டர்ன் போடாதீர்கள். 2024-25 கணக்கையே பாருங்கள். முதல் ஆறு மாதம் 4,20,000, அடுத்த ஆறு மாதம் இன்னொரு இடத்தில் 4,80,000. பழைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால் புதிய கம்பெனிக்கு 4,80,000 மட்டும்தான் தெரியும், வரியே பிடிக்காது. ஆனால் மொத்தம் 9,00,000. புதிய முறையில் 75,000 கழித்தால் வரி 33,800. பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். நான்கையும் வைத்தே கணக்கு போட்டுவிடலாம். ரிட்டர்னோடு ஃபார்ம் 16-ஐ இணைக்கவும் தேவையில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்களை நாமும் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும் :-( இனி எண் எதுவானாலும், பிடித்தவருக்கு அது ஒரு காகிதம், பிடிபட்டவருக்கு ஒரு டயர். நாளைக்கு நம்மில் யாராவது சம்பளப் பிரிவிலோ அக்கவுண்ட்ஸிலோ உட்கார்ந்தால், ஜூன் 15-ஐ மட்டும் மறக்காமல் இருப்போம்.