உருக்கின் பாரம்

போட்டிக்கெனக் கைத்துப்பாக்கி தெரிவுசெய்பவர் முதலில் மயங்குவது அதன் பாரத்திலேதான். 1975இல் செக்கோசிலோவாக்கியாவில் அறிமுகமான சீ.செட். 75 உருக்குச் சட்டகம் கொண்டது. குண்டுகளின்றியே ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது. 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் 17இன் சட்டகமோ பிளாஸ்ரிக்கினால் ஆனது. நிறை ஏறக்குறைய 630 கிராம். ஒரே வகைக் குண்டு தரும் உந்தம் இரண்டிலும் ஏறத்தாழச் சமமே. ஆயினும் நிறை இருமடங்கானால் பின்னுதைப்பின் வேகம் பாதியாகும். குழல்வாய் குறைவாக எழும். இரண்டாம் வேட்டுக்குக் குறி விரைவில் மீளும்.

இதனால் உருக்கே உயர்ந்ததென முடிவுகட்டுதல் பொருந்தாது. கடையிலே ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கையில் உறுதியெனத் தோன்றும் பாரம், ஒற்றைக் கையை நீட்டி அறுபதாவது வேட்டைச் சுடுகையில் நடுக்கமாக மாறக்கூடும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் 25 மீற்றர்ப் போட்டிகளில் 1400 கிராமே மேலெல்லை. பாரத்தை விரும்பியவாறு கூட்டவும் இயலாது.

விசையையும் மறத்தலாகாது. சுத்தியல் தாழ்ந்திருக்கையில் சீ.செட். 75இன் முதல் இழுப்பு நீண்டது, கடினமானது, அடுத்தவை இலகுவானவை. இவ்வேறுபாட்டை எந்த உருக்கும் ஈடுசெய்வதில்லை. பணங்கொடுக்குமுன் இரவலாகவேனும் பெற்று, கை களைக்கும்வரை சுட்டு, கடைசிப் பத்துத் துளைகளை அளந்து பார்த்தல் நன்று.