காயில் ஓப்பன் இல்லை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கருக்கு விலை சொல்வது காந்தத்தைப் பார்த்துத்தான். பின்பக்கம் தோசைக்கல் மாதிரி அகலமான காந்தம் இருந்தால் விலை ஏறும். சின்னக் குப்பி போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால், எடைக்குப் போடுகிற ரகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்து, இன்று ரோஜாச் செடியும் கோழிக்குஞ்சும் ஓடாத மிக்ஸியும் பெயர்த்தெடுத்த கதவும் ஒரே வரிசையில் விற்கிற இடம் அது. நான் இரண்டு மரப்பெட்டிகளை வாங்கியதும் இந்தக் கணக்கில்தான். எட்டு அங்குல ஸ்பீக்கர். பின்னால் கைப்பிடிக்குள் அடங்கும் காந்தம். “அது செத்துப்போச்சு சார், பெட்டிக்காக எடுத்துக்கங்க” என்றார் விற்றவர். பெட்டி விலைதான் வாங்கினார்.

சந்தையின் காந்தக் கணக்கு தலைகீழானது. அகலமாகத் தட்டையாக இருப்பது ஃபெரைட். இரும்பு ஆக்சைடும் பேரியமும் சேர்த்துச் சுட்டெடுத்த, மலிவான பொருள். அதை 1950களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்ததே ஹாலந்தின் பிலிப்ஸ்தான். அதற்கு முந்தைய நல்ல காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ. கொஞ்சமாக இருந்தாலே இழுவை அதிகம் என்பதால் உருவம் சின்னதாக இருக்கும். 1978இல் ஜயரின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியதும், ஸ்பீக்கர் கம்பெனிகள் கூட்டமாக ஃபெரைட்டுக்கு மாறின. ஆகவே பழைய ஸ்பீக்கரில் காந்தம் சின்னதாக இருந்தால் அது மட்டமான சரக்கு என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் வயது கூடிய சரக்கு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்ததில், கோன் பெரிதாகக் கிழியாமல் இருந்ததே முதல் ஆச்சரியம். 1970, 80களின் ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றி பாலியூரித்தேன் ஃபோம் வளையம் இருக்கும். ஈரக் காற்று அதன் மூலக்கூறுகளையே உடைத்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் விரல் பட்டாலே பிசுபிசுவென்று உதிர்ந்துவிடும். இந்த ஜோடிக்கு ஃபோமே கிடையாது. கோனின் ஓரத்தையே மடிப்பு மடிப்பாக அழுத்தி வளையமாக்கியிருந்தார்கள். நடுவில், பெரிய கோனுக்குள் விறைப்பான சின்னக் காகிதக் கோன் ஒன்று. மேல் சுருதிகளுக்கு ட்வீட்டர் வைக்காமல் ஒரே காயிலை வைத்தே சமாளிக்கிற வழி இது. இங்கிலாந்தின் பால் வாய்க்ட் 1930களில் செய்து காட்டியது. விரல்களைப் பரப்பி கோனை மெல்ல அழுத்தினேன். கறகறப்பு இல்லை. காயில் எங்கும் உரசவில்லை.

ஆனால் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் கொசு முனகுவது போலத்தான் சத்தம் வந்தது. ரிப்பேர் கடைகளில் காட்டினேன். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து முனைகளைத் தொட்டார்கள். திரையில் “1” என்று மட்டும் நின்றது. வயர் அறுந்திருந்தால் வருகிற அடையாளம் அது. “காயில் ஓப்பன் சார். கோனோட சேர்த்து மாத்திடலாம். புதுக் கோன், புதுக் காயில், புது ஸ்பைடர், சவுண்டு சும்மா அதிரும்.” இரண்டுமே ஒரே மாதிரி அறுந்துபோகுமா என்ற கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெருங்களத்தூர் முதல் சேலையூர் வரை கல்யாணம், கோயில் திருவிழா எதையும் விட்டதில்லை. தொழிலை மகன் பார்க்கிறார். இவர் வாசலில் உட்கார்ந்து பழைய ஹாரன்களின் யூனிட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர்கள் செய்ததையே செய்தார். “1”. பிறகு மீட்டரின் குமிழை 200இலிருந்து 2K-க்கு ஒரு கிளிக் நகர்த்தினார். 682 என்று வந்து நின்றது. மற்றதில் 690.

“காயில் ஓப்பன் இல்ல தம்பி. உயிரோடதான் இருக்கு. எட்டு ஓம் ஸ்பீக்கர்னு நெனச்சிக்கினு மீட்டர் வெச்சா இது எப்படி காட்டும்?”

“எழுநூறு ஓம்ல ஸ்பீக்கர் இருக்காண்ணே?”

“நான் பாத்ததில்ல. ஆனா மீட்டர் பொய் சொல்லாதே.”

வழக்கமான ஸ்பீக்கர்கள் 4, 8, அதிகம் போனால் 16 ஓம். மல்டிமீட்டரின் 200 ஓம் அளவுகோலில் அதைத் தாண்டிய எதுவும் அறுந்த வயர் போலவே தெரியும். எத்தனை நல்ல ஸ்பீக்கர்கள் இந்த ஒரு கிளிக்குக்காகப் பழைய இரும்புக்குப் போயிருக்குமோ.

அப்புறம்தான் தேடல் சூடு பிடித்தது. காந்தக் குப்பியின் துருவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்ததில், அலையும் நட்சத்திரமும் போட்ட பிலிப்ஸ் கேடயம் மங்கலாகத் தெரிந்தது. அருகே 9710 ஏ.எம். என்ற எண். பழைய ஸ்பீக்கர் பிரியர்களிடையே 9710 எம். பிரபலம், ஐரோப்பாவில் இன்றும் நல்ல விலைக்குப் போகிறது. அது சாதாரண ஓம்காரன். நடுவில் ‘ஏ’ சேர்ந்தால் 800 ஓம்.

எதற்கு 800? இதைப் புரிந்துகொள்ள வால்வு ரேடியோவின் உள்ளே போக வேண்டும். வால்வு அதிக வோல்டேஜும் கொஞ்சம் கரண்டும் தருகிற சாமான். அது எதிர்பார்க்கிற சுமை ஆயிரக்கணக்கான ஓம். ஸ்பீக்கர் காயிலுக்கோ வோல்டேஜ் கொஞ்சம் போதும், கரண்ட் நிறைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே தரகராக அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கும். கனம், செலவு. மலிவாகச் செய்தால் கீழ்ச் சுருதியையும் மேல் சுருதியையும் தரகே தின்றுவிடும். 1950களில் பிலிப்ஸ் பொறியாளர்கள் தரகரையே நீக்கப் பார்த்தார்கள். இ.எல். 86 என்ற வால்வு குறைந்த வோல்டேஜிலேயே நிறையக் கரண்ட் தரும். அதில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுத்தால் எதிர்பார்க்கிற சுமை சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். மீதி தூரத்தை ஸ்பீக்கர் ஏறி வரட்டும் என்று, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியில் காயில் சுற்றினார்கள். வால்வுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரே ஒரு கண்டன்சர். அந்தக் கம்பியைத்தான் நம் கடைகளில் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் காயில் போடப் பார்த்தார்கள்.

டிரான்சிஸ்டர் வந்ததும் இந்த ஏற்பாட்டுக்கு வேலை போய்விட்டது. டிரான்சிஸ்டர் பிறவியிலேயே கரண்ட் தருகிற சாமான். 8 ஓமை நேராக ஓட்டும். 800 ஓம் ஸ்பீக்கர்கள் ரேடியோவைப் பிரிந்து அநாதையாகின. இன்றைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் 20 வோல்ட் கொடுக்கும். அதே 20 வோல்ட் 800 ஓமில் அரை வாட்தான். சாதாரணமாகக் கேட்கிற அளவுக்குக் குமிழைத் திருப்பினால் அதில் நூறில் ஒரு பங்கு கூடத் தேறாது.

அப்படியொரு ஸ்பீக்கர் தாம்பரம் பக்கம் எப்படி வந்தது? வானொலி நமக்குப் புதிதல்ல. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924இலேயே ஒலிபரப்பியது. அது நொடித்த பிறகு மாநகராட்சி 1930இல் எடுத்து நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே கேட்கவைத்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி. ஆனால் இவை எல்லாம் மீடியம் வேவ், ஷார்ட் வேவ். அந்த அலைவரிசைகளில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதுவும் வராது. சின்னக் கோன் வைத்து அதற்கும் மேலே பாடுகிற 9710க்கு இங்கே தீனியே இல்லை.

அது எஃப்.எம். வீட்டுப் பிள்ளை. போருக்குப் பிறகு 1948இல் கோபன்ஹேகனில் மீடியம் வேவ் அலைவரிசைகளைப் பங்கிட்டபோது ஜெர்மனிக்குக் கிடைத்தது சொற்பம். வேறு வழியில்லாமல் அவர்கள் 1949 முதல் எஃப்.எம்.முக்குப் போனார்கள். அதில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் ஐரோப்பாவின் மேசை ரேடியோக்கள் நல்ல ஸ்பீக்கர் தேடின. இந்தியாவில் எஃப்.எம். முதலில் ஒலித்தது நம் ஊரில்தான், 1977 ஜூலை 23 அன்று. ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கி யாரோ கப்பலில் கொண்டுவந்த ரேடியோவில் இவை இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைத் தபாலாபீசில் நீட்டிப் பணம் கட்டிய காலம். டயலில் எஃப்.எம். முள்ளை எவ்வளவு நகர்த்தினாலும் இரைச்சல்தான் கேட்டிருக்கும்.

ரேடியோவிலிருந்து இந்த மரப்பெட்டிக்கு எப்போது மாறின என்பதைப் பெட்டியே சொன்னது. பின்பலகையின் பித்தளைத் திருகுகளைக் கழற்றியதும் இலவம்பஞ்சு பொதபொதவென்று வெளியே விழுந்தது. தலையணைக்கு அடைப்பதையே உள்ளே எதிரொலி அடங்க அடைத்திருக்கிறார்கள். கண்ணாடி இழைக்கு எங்கே போவது அப்போது? பஞ்சுக்கு அடியில் விரித்திருந்த தமிழ்ச் செய்தித்தாள் துண்டு ஒன்றில், சினிமா விளம்பரங்களுக்கு மேலே, 1968 என்பது மட்டும் படிக்க முடிந்தது. பெட்டி கனமான பிளைவுட். 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளிலிருந்து சந்தைக்கு வந்த மரத்தூள் பலகைப் பெட்டிகள் ஊறிப் பருத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிளைவுட்டின் அருமை தெரியும்.

இரண்டு பெட்டியின் அடிப்பலகையிலும் நான்கு திருகு ஓட்டைகள் சதுரமாக இருந்தன. நடுவே செவ்வகமாகத் துருக் கறை. இதைப் பெரியவர்தான் முதலில் கவனித்தார்.

“இங்க ஒரு டிரான்ஸ்பார்மர் ஒக்காந்துருக்கு தம்பி. எவனோ செம்புக்காகக் கழட்டி வித்துட்டான். அதுக்கப்புறம் ஊமையாயிருச்சு.”

கம்பெனி நீக்கிய தரகரை 1968இல் இந்த ஊர்க்காரர் ஒருவர் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் எதிர்த்திசையில். சுற்றுப்படம் எதுவும் கையில் இல்லாமலா செய்திருப்பார்? பெயர் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அவர் எந்த டிரான்ஸ்பார்மரைப் போட்டாரோ, இன்று அதற்கு மாற்று மைக் செட்காரர்களிடமே இருக்கிறது. திருவிழாத் தெருவில் அரை மைல் வயர் இழுத்தால் 8 ஓம் சத்தம் வயரிலேயே கரைந்துவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைனாக ஏற்றி, ஒவ்வொரு ஹாரனுக்கும் பக்கத்தில் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்குவார்கள். அதில் 10 வாட் டேப் என்பது உண்மையில் 1000 ஓம். நூறை நூறால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் வருவது. அதையே திருப்பிப் போட்டு, 8 ஓம் பக்கத்தை ஆம்ப்ளிஃபயருக்கும் 100 வோல்ட் பக்கத்தை 800 ஓம் ஸ்பீக்கருக்கும் கொடுத்தால், ஆம்ப்ளிஃபயர் சுமாராக ஆறரை ஓம் ஸ்பீக்கரை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும். இரண்டு தரப்புக்கும் சம்மதம். பெரியவர் மூலையிலிருந்து இரும்பு நிறைய உள்ள பழைய டிரான்ஸ்பார்மர் இரண்டைத் தூசி தட்டிக் கொடுத்தார். சின்னதாக இருந்தால் கீழ்ச் சுருதியில் இரும்பு திணறிவிடும்.

சீரமைப்பு என்று நான் செய்தது கொஞ்சம்தான். ஓரத்தில் இருந்த நகக்கீறல் அளவு கிழிசலுக்கு டீ பேக் உறையைக் கத்தரித்து, நீர்த்த ஃபெவிகாலில் ஒட்டினேன். அந்தத் தாளின் இழை நீளம், கனமே இல்லை. காந்தத்தைப் பிரிக்கவே இல்லை. அல்நிகோவைக் கூட்டைவிட்டு வெளியே எடுத்தால் இழுவையில் பாதி போய்விடும். திரும்ப ஏற்ற, எனக்குத் தெரிந்து இங்கே யாரிடமும் கருவி கிடையாது. ட்வீட்டர் சேர், பாலிப்ரொப்பிலீன் கண்டன்சர் போடு என்று நண்பர்கள் சொன்னார்கள். போட்டால் இது வேறொரு ஸ்பீக்கர். பெட்டியில் மட்டும் கை வைத்தேன். ரேடியோவில் இவை இருந்தது முதுகு திறந்த கூட்டில். 1968க்காரர் இறுக்கி மூடிப் பஞ்சு அடைத்தது எனக்கு ஒப்பவில்லை. பின்பலகைக்குப் பதிலாக ரேடியோவில் வருவது போலத் துளையிட்ட ஹார்ட்போர்டு அடித்தேன். பஞ்சில் பாதியை எடுத்துவிட்டேன்.

சத்தம்? தரை அதிராது. மேளம் ஒலிக்கும், வயிற்றில் இடிக்காது. சின்னக் கோன் சில வயலின்களில் காரமாகக் கத்தும். நேர் எதிரே உட்காராமல் சற்று விலகி உட்கார்ந்தால் சரியாகிறது. ஆனால் மனிதக் குரல் என்று வந்துவிட்டால், என்னிடம் இருக்கிற புது ஸ்பீக்கர்கள் எதுவும் இதன் பக்கத்தில் நிற்கவில்லை. மோனோவில் பதிவான பழைய சினிமாப் பாட்டில் பாடகர் மூச்சிழுப்பது வரை தெரிகிறது. குரலை இரண்டு ஸ்பீக்கருக்குப் பங்குபோடாமல் ஒரே காயில் முழுசாகச் சொல்வதால்தான் இது என்று நினைக்கிறேன். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேலே போகும்போது மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆடி பிறந்ததும் பெரியவர் மகன் வந்து இரண்டு டிரான்ஸ்பார்மரையும் கழற்றி வாங்கிப்போனார். அம்மன் கோயில் தெருக்களுக்கு லைன் இழுக்கிற மாசம். இரவல் கேட்க முகம் இல்லை. புதிதாகச் சுற்றித் தர ஒருவரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை 10 வாட் டேப் வேண்டாம், பன்னிரண்டரை வாட்டில் டேப் எடுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். 800 ஓமுக்கு அதுதான் சரியான கணக்கு.