ஆப்பிரிக்காவும் ஆசியாட்டிகாவும்

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். செடி கொடிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், மெஸ் சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையோடு சரி. அப்படிப்பட்ட என்னையே ஒரு முட்செடி பிடித்து நிறுத்திவிட்டது. நிஜமாகவே!

கொல்லிமலையில் என்.எஸ்.எஸ். கேம்ப். ஒற்றையடிப் பாதையில் பந்தாவாக முன்னால் நடந்தேன். சட்டைக் கையை ஏதோ பிடித்தது. இழுத்தேன். இன்னும் இறுக்கியது. விடுவேனா? பலமாக இழுத்தேன். டர்ர்ர்... புதுச் சட்டை காலி!

"பின்னால இழுக்காதடா. அது பக்கமா ஒரு அடி போ!" அரைகுறைத் தமிழில் ஒரு குரல். எங்கள் கிளாஸ் கென்யா பையன். அவன் சொன்னபடி செய்தேன். முள் தானாகக் கழன்றது.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"எங்க ஊர் செடிடா இது. ஸ்கூலுக்குக் குறுக்கு வழியில போற எல்லாரையும் பிடிக்கும்!"

வழி காட்ட வந்த பெரியவர் விடவில்லை. "இது மிளகரணை தம்பி. எங்க மலைச் செடி" என்றார்.

யார் சொன்னது சரி? கேம்ப் முடிந்ததும் தேடிப் பார்த்தேன். ரெண்டு பேர் சொன்னதும் சரி! எத்தியோப்பியாவிலிருந்து தென் ஆப்பிரிக்கா வரை, மடகாஸ்கர், மொரீஷியஸ், அப்புறம் இந்தியா, இலங்கை, சீனா, பிலிப்பைன்ஸ் என்று கடலின் இரு பக்கமும் இதற்குச் சொந்த ஊர்தான்.

எலுமிச்சைக் குடும்பம். காம்புக்கு மூன்று இலை. வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கினால் எலுமிச்சை வாசனை. பழம் ஆரஞ்சு நிறம், மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, கடித்தால் காரம். இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, சுற்றி ஏறவும் தெரியாது. வளைந்த முள்ளை மாட்டி மாட்டியே 10 மீட்டர் வரை ஏறிவிடும். முன்னால் போனால் வழுக்கும், பின்னால் வந்தால் மாட்டும். நாங்கள் லேபில் பார்க்கிற ராட்செட் வீல் இதேதான்!

பெயர்க் கதைதான் சூப்பர். 1753-ல் லின்னேயஸ் இதற்கு 'ஆசியாட்டிகா' என்று பட்டம் கட்டினார். அப்புறம் 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலில் இருந்த மலையாளப் பெயரிலிருந்து 'டோடாலியா' வந்தது. 2018-ல் சில ஆராய்ச்சியாளர்கள் 'சாந்தோசைலம்' இனத்துக்கே மாற்றினார்கள். முன்பாதி மாறிக்கொண்டே இருக்க, 'ஆசியா' மட்டும் ஒட்டிக்கொண்டது. பாதி ஆப்பிரிக்காவில் வளர்கிற செடிக்கு!

இதைச் சிரித்துக்கொண்டே அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "என்னை என்னன்னு கூப்பிடறீங்க?" என்றான்.

சுருக்கென்றது. ரெண்டு வருஷமாக ஹாஸ்டல் முழுக்க அவன் 'ஆப்பிரிக்கா'தான். "டேய் ஆப்பிரிக்கா, பந்தைப் போடு!" அவனும் திரும்பிப் பார்ப்பான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஐம்பதுக்கு மேல் நாடுகள் உள்ள ஒரு கண்டத்தை ஒரு பையன் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

"முதல் வாரம் எல்லார்கிட்டயும் பேர் சொன்னேன். யாருமே ரெண்டாவது தடவை கேட்கலை."

அன்று ராத்திரி நிறையப் பேசினோம். அவன் ஊர் மேற்கு கென்யாவில், காகமேகா காட்டுப் பக்கம். காய்ச்சல் வந்தால் பாட்டி இதன் வேரைக் கஷாயம் வைப்பாராம். கென்யாவில் மருந்தாகப் பயன்படும் இந்தச் செடியிலிருந்து, மலேரியாக் கிருமியைத் தாக்கும் 'நிடிடின்' என்ற பொருளை 1990-களில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதற்காக மாத்திரையை விட்டுவிட்டு வேரைத் தேடிப் போகாதீர்கள்! வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததாம். இப்போது பாட்டி வெகுதூரம் நடக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. ரெண்டு வருஷம் எதிர் ரூமில் இருந்தும் அவனுக்கு ஒரு பாட்டி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவன் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அதை இங்கே போடவில்லை, பத்திரிகையில் வேண்டாம் என்றுவிட்டான்.

பரவாயில்லை. உங்கள் கிளாஸிலும் ஒரு 'ஆப்பிரிக்கா' இருப்பான், ஒரு 'நார்த்' இருப்பான். போய்ப் பெயரைக் கேளுங்கள். ஒரு அடிதான்!