சுவரில் ஒரு கோலம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடும்பம் வாழும் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நம்மவர் பலர் அறிந்த அளவுதான். வாயிலுக்கு வெளியே பொது நடைவழி. அங்கே அன்னையார் இடும் கோலம் பால்காரர் வருமுன்பே மிதிபட்டு அழியும். இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டபின் மாவுக் கிண்ணம் அலமாரி ஏறிவிட்டது.

அவர் முகம் வாடியிருக்கக் கண்டு, 2 அடிச் சதுரப் பலகையொன்றைத் தேய்த்துக் காவி பூசிக் கொடுத்தோம். நடுவரிசையில் 7, இருபுறமும் 5, 3, 1 என நேர்ப்புள்ளிகள் 25 வைத்து, வெள்ளை வண்ணத்தால் சிக்குக் கோலம் இழுத்தார். விரலிடையே மாவு வழியப் பழகிய கைக்குத் தூரிகை ஒத்துவரவில்லை. "துடைப்பக்குச்சி போலிருக்கிறதே!" என்று கடிந்துகொண்டார். ஓரத்துப் புள்ளியொன்று கோட்டுக்குள் அடங்காது வெளியே நின்றுவிட்டது. தரையாயின் புறங்கையால் துடைத்திருப்பார். மறுநாட் காலையிலேதான் அதைக் கண்டோம். எண்ணெய் வண்ணம் அதற்குள் இறுகிவிட்டது.

மழைக்காலத்தில் ஓதமேறும் சுவராதலால், பின்புறம் சிறு மரத்துண்டுகள் பொருத்திக் காற்றுப்புக இடம்விட்டு மாட்டினோம்.

அன்னையார் சென்ற தையில் இயற்கை எய்தினார். அந்தப் புள்ளியையும் வளைத்து முடித்துவிடலாமே என்று மகள் தூரிகையோடு நிற்கிறாள். நாங்கள் இன்னும் இசையவில்லை.