கடல் கடந்து சென்ற காற்பந்து வீராங்கனை

காற்பந்தாட்டம் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. பெண்பிள்ளை பந்தை உதைத்தால் முகஞ்சுளிப்போரை நாம் இன்றும் காண்கின்றோம். அத்தகையோர் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

காற்பந்துக்குப் புகழ்பெற்ற பிரேசில் நாட்டில் 1941ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை பெண்கள் அவ்வாட்டத்தை ஆடச் சட்டமே தடை விதித்திருந்தது. தடை நீங்கிய பின்னர், 1986ஆம் ஆண்டில், ஒரு சிற்றூரின் வறிய குடும்பத்தில் பிறந்தவர் மார்த்தா. தாயின் உழைப்பே அக்குடும்பத்தைத் தாங்கியது. தெருவில் சிறுவர்களோடு பந்தாடி வளர்ந்த அவர், 14ஆம் வயதில் ரியோ டி ஜெனிரோ நகருக்குச் சென்று ஒரு கழகத்தில் சேர்ந்தார்.

சுவீடன் நாட்டிலோ 1988ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கென உயர்நிலை லீக் போட்டி நடைபெற்று வருகின்றது. அந்நாட்டின் வடபகுதியில் உள்ள ஊமியோ நகரக் கழகம் 2004ஆம் ஆண்டில் மார்த்தாவை அழைத்தது. வெயிலில் வளர்ந்த பெண் பனி பொழியும் ஊருக்குச் சென்றார். மொழி புதிது, உணவும் புதிது. எனினும் அவர் மனந்தளரவில்லை. 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகளும் ஊமியோ கழகமே லீக் பட்டத்தை வென்றது. 2006 முதல் 2010 வரை உலகின் சிறந்த வீராங்கனை என்னும் விருது ஐந்து முறை தொடர்ந்து மார்த்தாவைச் சேர்ந்தது. சுவீடிய மொழியையும் கற்றுத் தேர்ந்த அவர், 2017ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார்.

அயல்நாட்டு ஆட்டக்காரரால் நன்மை அவருக்கு மட்டுமன்று. நாள்தோறும் அவரோடு பயிற்சி செய்யும் உள்ளூர்ப் பெண்களும் அவர்தம் திறனைக் கண்டு கற்கின்றனர். எதிரணியினரும் தம் ஆட்டத்தைச் செம்மைப்படுத்த வேண்டியவராகின்றனர்.

ஆயினும் புகழ்பெற்றோரைச் சேர்த்தால் மட்டும் போதாது. மார்த்தா பின்னர் ஆடிய திரேசோ கழகம் பல நாட்டு வீராங்கனைகளைத் திரட்டி, 2012ஆம் ஆண்டில் லீக் பட்டம் வென்றது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பிய வெற்றியாளர் இறுதியாட்டம்வரை முன்னேறி, 4-3 என்ற கோல் கணக்கில் தோற்றது. மார்த்தா இரண்டு கோல்கள் அடித்தும் பயனில்லை. அடுத்த மாதமே பணமுடையால் அக்கழகம் லீக்கிலிருந்து விலகிற்று. வரவறியாச் செலவு எத்துணைப் பெரிய கழகத்தையும் வீழ்த்திவிடும் அன்றோ!

மார்த்தாவின் ஆட்டம் அத்துடன் ஓயவில்லை. 2024ஆம் ஆண்டில், தம் 38ஆம் வயதில், அமெரிக்காவின் ஆர்லாண்டோ அணிக்குத் தலைமை தாங்கி லீக் பட்டம் பெற்றுத் தந்தார்.

பெற்றோர்களே! பிழைப்புத் தேடி வேற்றூர் செல்வதன் அருமையை உழைக்கும் நாம் நன்கறிவோம். மார்த்தாவின் ஊரில் எவரும் அவர் காலைக் கட்டிப்போட்டிருந்தால் உலகம் அவரை அறிந்திராது. மாலை வேளையில் நம் பள்ளித் திடலில் ஓடும் பெண்பிள்ளைகளையும் ஆடவிடுவோம். மாணவிகளே! பந்தோடு பாடத்தையும் மொழிகளையும் விடாது பயிலுங்கள். செல்லும் இடமெல்லாம் அவை உங்களுக்குத் துணை நிற்கும்.