பெயரில்லாத தாச்சி

எங்கள் கட்டில்களுக்குக் கீழே பதினொரு இரும்புத் தாச்சிகள் இருக்கின்றன. ஒன்றும் ஊரிலிருந்து வந்ததல்ல. ரொறன்ரோவில் கோடை தொடங்கியதும் சனம் வீட்டு வாசல்களில் பழஞ்சாமான்களைப் பரப்பி விற்கும். ரெஸ்ரோறன்ற் குசினியிலிருந்து நள்ளிரவு தாண்டி வந்து படுத்தாலும் சனிக்கிழமை காலையில் எழும்பிப் போய்விடுகிறோம். மற்றவர்கள் சோபாவைப் பார்க்க, நாங்கள் தாச்சிகளைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறோம்.

சரித்திரம் அடியில்தான் இருக்கிறது. பழைய அமெரிக்க வார்ப்பிரும்புத் தாச்சிகளில் கிறிஸ்வோல்ட் என்ற பெயருக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் 1865இல் தொடங்கிய தொழில் அது. வட்டத்துக்குள் சிலுவை, அதில் பெயர், பக்கத்தில் ஊர். சின்னம் பெரிதென்றால் முந்தியது; சிறிதென்றால் பெரும்பாலும் பிந்தியது. 1957இல் ஈரித் தொழிற்சாலை மூடப்பட்டது. பெயர் ஒஹாயோ மாநிலத்துச் சிட்னிக்குப் போனது. அங்கே வார்த்தவற்றில் கிறிஸ்வோல்ட் இருக்கும், ஈரி இருக்காது. ஊர் கழன்று பெயர் மட்டும் மிஞ்சுவதை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இலக்கம் 8 என்றால் எட்டு அங்குலம் அல்ல. அது அந்தக்கால விறகடுப்பு வாயின் அளவு. தாச்சி பத்தரை அங்குலம் வரும். அடியில் நீளக் கோடாய் ஒரு தழும்பு தெரிந்தால், உருக்கிய இரும்பை ஊற்றிய இடம் அது. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாமான். அப்போது உட்புறத்தைத் தேய்த்து மினுக்கினார்கள், தடவினால் வழுக்கும். இப்போது வருபவை அநேகமாகச் சொரசொரக்கும். பழையதை அச்சாக வைத்து வார்த்த போலிகளும் உண்டு. இரும்பு ஆறும்போது சுருங்குவதால் போலி சற்றுச் சிறிதாயிருக்கும், எழுத்தும் மழுங்கியிருக்கும். எங்கே, எந்த வருடம், அடையாளம் என்ன? அகதி விசாரணையில் எங்களிடம் கேட்டவையும் இவைதான்.

துருவுக்குப் பயப்பட வேண்டாம், வெடிப்புக்குப் பயப்படுங்கள். விரலால் சுண்டினால் நல்லது மணிபோல ஒலிக்கும். ஈயத்துக்கும் பயப்படுங்கள். மீன்பிடிக் குண்டும் துவக்குச் சன்னமும் வார்க்கத் தாச்சியில் ஈயம் உருக்கியவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சந்தேகமானதைக் கொண்டு போகவே வேண்டாம்.

எங்கள் இரசாயனப் படிப்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றது. அது உதவும் இடம் இதுதான். கையுறை போட்டு, காரம் கலந்த அடுப்புத் துப்புரவு மருந்தைப் பூசி, பிளாஸ்ரிக் பையில் கட்டிச் சில நாள் வைத்தால் பழைய எண்ணெய்ப் படை கழன்றுவிடும். பிறகு கழுவி, உலர்த்தி, எண்ணெயைப் பூசியது தெரியாதபடி துடைத்து, சூட்டடுப்பில் 450 பாகையில் ஒரு மணித்தியாலம் கவிழ்த்து வைக்க வேண்டும். எண்ணெய் இறுகித் தோலாகும். நாளெல்லாம் கோப்பை கழுவும் இயந்திரத்தோடு நிற்கிற நாங்கள், இவற்றை மட்டும் அதற்குள் விடுவதில்லை. அந்தத் தோல் போய்விடும், துரு வந்துவிடும்.

எங்களில் ஒருவரின் அம்மா 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிடும்போது தோசைக்கல்லைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனவ. காவ ஏலாத பாரம். வந்து எடுக்கலாம் என்று நினைத்தவ. வருடங்கள் கழித்துப் போனபோது கிணறு தூர்ந்து கிடந்தது. போன வருடம் அவவுக்குக் கண் சத்திரசிகிச்சை வந்தது. ஈரி முத்திரை உள்ள எங்கள் ஒரே தாச்சிக்கு ஒரு வெள்ளைக்காரர் 140 டொலர் தந்தார். அடியைத்தான் பார்த்தார், உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. நாங்கள் பேரம் பேசவில்லை. காசு அன்றைக்கே ஊருக்குப் போனது.

ஐந்து டொலருக்கு வாங்கிய இன்னொன்று இருக்கிறது. பெயரில்லை, ஊரில்லை, இலக்கம்கூட இல்லை. எந்தச் சேகரிப்பாளரும் அதைக் கேட்கப் போவதில்லை. கண் கட்டு அவிழ்த்த பிறகு அம்மா தொலைபேசியில் முதலில் கேட்டது அதைத்தான்.

"தோசை ஒட்டாமல் எழும்புதோ, தம்பி?"

"எழும்புது அம்மா."

"அப்ப நல்ல இரும்புதான்."